தலை குனியாத கோழி

கும்மிடிப்பூண்டி
10.2.2025, திங்கள்

ஹேமாவதி டீச்சருக்கு,

உங்கள் நாலாம் வகுப்பில் படிக்கிற பிரின்சியின் அப்பா தாவீது எழுதுவது. நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பன்னிரண்டு வருஷமாக சிப்காட்டில் ஒரே கம்பெனி. பிரஸ் லைனில் தகடு அடிக்கிற வேலை. காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் இதுவரை ஒருத்தரும் என்னைக் கேட்டில் நிறுத்தியதில்லை. போன சனிக்கிழமை நிறுத்தினார்கள். காண்ட்ராக்டர் இராமலிங்கம் வந்து, "இன்னா தாவீது, உனக்குக் காது கேக்காதாமே? இஸ்கூல் சுவத்துல எழுதி ஒட்டிக்கிறாங்களாமே?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். காது டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவாராம்.

நேராக உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். பூட்டியிருந்தது. பரவாயில்லை, கேட் கம்பிக்கு வெளியே நின்றே படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"எங்க நைனா கூட அந்த நாய் மாதிரிதான். பின்னால இருந்து கூப்ட்டா திரும்பாது. பேசறவங்க வாயையே பாத்துக்கினு இருக்கும். கம்பெனில யாருக்கும் தெரியாது. நான்தான் எங்க நைனாவுக்குக் கோழி. - தா. பிரின்சி."

எந்த நாய், எந்தக் கோழி, எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை நாய் என்று எழுதியிருக்கிறது, அது மட்டும் புரிந்தது. உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா டீச்சர்? பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். என் வீட்டுச் சமாசாரத்தை ஏன் சுவரில் ஒட்டுகிறீர்கள்?

அதை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். பரீட்சை முடிந்ததும் எனக்கு டி.சி. வேண்டும். வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறேன்.

தாவீது

*

11.2.2025, செவ்வாய்

பிரின்சியின் அப்பா திரு. தாவீது அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஏஞ்சலின் கொண்டுவந்து கொடுத்தார். காலை உணவு சமைக்கிற அவசரத்தில் உப்புமா கரண்டியோடு வந்து, "எங்க ஊட்டுக்காரரு குடுத்தாரு. நான் இன்னும் படிக்கல, படிக்கவும் மாட்டேன்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சார்ட்டை எடுத்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான் ஒரு கதை வாசிப்பேன். பிள்ளைகள் வட்டமாக உட்காருவார்கள். மரஸ்கேல் ஒன்று கைமாறி வரும். யார் கையில் ஸ்கேல் இருக்கிறதோ அவர்கள் அந்தக் கதையைப் பற்றித் தோன்றியதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. நானும் பேசக்கூடாது. அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே சார்ட்டில் எழுதி, பெயர் போட்டு வராந்தாவில் ஒட்டுவேன். ஒரு சொல் திருத்தமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன மாதக் கடைசி வெள்ளியன்று படித்தது ஒரு காவல் நாயின் கதை. அதற்குக் காது மந்தமாகிவிடுகிறது. வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் விரட்டிவிடுவார் என்று பயம். அதனால் முற்றத்தில் மேயும் கோழியையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். கோழி சட்டென்று தலையைத் தூக்கினால், ஏதோ சத்தம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு நாய் குரைக்கும். ஒரு நாள் கோழி இல்லாத நேரத்தில் திருடன் வந்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. "கோழிக்குத்தான் சம்பளம் குடுக்கணும்" என்றாள் பூமிகா. "நாய்க்கு இன்னொரு கோழி வாங்கிக் குடுக்கலாம்" என்றான் தீனா. பிரின்சி சொன்னதை நீங்கள் படித்துவிட்டீர்கள். அவள் உங்களை இழிவாகச் சொல்லவில்லை. நாயை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போன வியாழக்கிழமை உங்கள் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்குக் கட்டிக்கொடுத்த கழிவறைக்குத் திறப்பு விழா நடந்தது. அவர்கள் சார்ட்டைப் படிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பிரின்சி நேற்றும் இன்றும் வாயே திறக்கவில்லை. வருகைப் பதிவில் பேர் வாசித்தால்கூடக் கையை மட்டும் தூக்குகிறாள். பிள்ளையை அடித்தீர்களா? இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் பேசினால் எளிதாக இருக்கும்.

ஹேமாவதி
வகுப்பாசிரியை

*

13.2.2025, வியாழன்

டீச்சருக்கு,

அடித்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளை மேல் இதுவரை ஒரு ஈர்க்குச்சி பட்டதில்லை. வேண்டுமானால் உப்புமா கிண்டுகிறவளைக் கேட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏம்மா இப்டி நைனா மானத்த வாங்கிட்டே?" அவ்வளவுதான். அதற்கு ஏஞ்சலின் என்னைத்தான் திட்டினாள். பிரின்சி அன்றிலிருந்து வீட்டிலும் பேசுவதில்லை. தலையாட்டுகிறாள், கையைக் காட்டுகிறாள், போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

போன் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போனில் ஆள் வாய் தெரியாதே டீச்சர். இப்போதாவது புரிந்ததா? நேரில் வந்தால் நீங்கள் சத்தமாகப் பேசுவீர்கள், பள்ளிக்கூடமே வேடிக்கை பார்க்கும். அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு வருஷமாக இடது காது சுத்தமாக இல்லை. வலது காது பாதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிரின்சியிடமும் சொன்னதில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் வீரராகவன் சார்தான் அந்த சார்ட்டைப் போட்டோ எடுத்தாராம். பிரின்சியைக் கூப்பிட்டு, "உங்க நைனா பேரு என்ன பாப்பா?" என்று கேட்டாராம். இவளும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்களாமே?

நடந்தது நடந்துவிட்டது. நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும். பள்ளிக்கூட லெட்டர் பேடில், "இது பிள்ளை கற்பனையாகச் சொன்னது, உண்மை இல்லை" என்று எழுதி சீல் வைத்துக் கொடுங்கள். அதைக் காட்டினால் இராமலிங்கம் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரே சொன்னார். பிள்ளைகள் எத்தனையோ உளறும், யார் நம்பப் போகிறார்கள்? நாலு வரிதான் டீச்சர். உங்களால் வந்த வினை, நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

தாவீது

*

18.2.2025, செவ்வாய்

தாவீது அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கடிதத்தை இரண்டு முறை எழுதினேன். வெள்ளிக்கிழமை இரவு கடம்பத்தூரில் என் வீட்டில் ஒரு முறை. நேற்றுக் காலை ரயிலில் ஒரு முறை. நான் பேசின் பிரிட்ஜில் இறங்கி ரயில் மாறி வர வேண்டும். எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே நின்றதில் ஒரு ரயிலை விட்டுவிட்டேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

அதை நான் எழுதமாட்டேன். கோபப்படுங்கள், ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். பிரஸ் லைனில் தலைக்கு மேல் கிரேன் போகும், அது நகர்கிறபோது மணி அடிக்கும், மணி கேட்டால் ஒதுங்க வேண்டும் என்று ஏஞ்சலின் சொன்னார். என் கடிதத்தைக் காட்டினால் உங்களுக்குக் கேட் திறக்கும். மணி கேட்குமா? இரண்டாவது, பிரின்சி சொன்னது உண்மை. உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி என்று சீல் வைத்துக் கொடுக்க என்னால் முடியாது.

போன கடிதத்தில் நான் எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது. மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். அந்த அதிகாரி அப்பா பெயரைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வகுப்புப் பிள்ளை எவ்வளவு அழகாகப் பதில் சொல்கிறாள் என்று பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். "கம்பெனில யாருக்கும் தெரியாது" என்று அவள் சொன்னதை என் கையாலேயே எழுதியவள் நான். அதை எழுதும்போது, இது தெரியக்கூடாத விஷயம் என்று எனக்கு உறைக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிற பெருமையில், இதை ஒட்டலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது. அவளுடையது இல்லை. அதை அவளிடமும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டு நின்றாள்.

போன வெள்ளிக்கிழமை வாசிப்பு நடந்தது. ஸ்கேல் பிரின்சியிடம் வந்தது. வாங்கி அப்படியே பக்கத்தில் கொடுத்துவிட்டாள். பூமிகாவும் கொடுத்துவிட்டாள். ஸ்கேல் பேச்சு மூச்சில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி என் கைக்கே வந்துவிட்டது. "என்னடா ஆச்சு உங்களுக்கு?" என்றேன். தீனாதான் சொன்னான். "சொன்னா சுவத்துல ஒட்டிருவீங்க டீச்சர். அப்பால அவங்க நைனாவ வேலைலருந்து தூக்கிருவாங்க."

பதினாறு வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தொரு பிள்ளைகளின் வாயை நானே மூடியிருக்கிறேன்.

காது டெஸ்ட் எடுத்துவிடுங்கள். நான் வேண்டுமானால் கூட வருகிறேன், பதிவுச் சீட்டு வாங்குகிற இடத்தில் அவர்கள் சொல்வதை எழுதிக் காட்டுகிறேன். அந்தக் கதைப் புத்தகத்தையும் இதோடு அனுப்புகிறேன். பன்னிரண்டு பக்கம்தான். திட்டுவதற்காவது ஒரு முறை படித்துப் பாருங்கள்.

ஹேமாவதி

*

5.3.2025, புதன்

டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று புத்தகத்தைத் தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டேன். பதிலும் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஏஞ்சலின், "உங்க ரெண்டு பேருக்கும் நான் இன்னா போஸ்ட்மேனா? இதோட வுடுங்க" என்று சொல்லிவிட்டாள். இன்று விபூதி புதன், எங்கள் தவக்காலம் தொடங்குகிற நாள். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு எழுதினால் பொய் வராது.

கிரேன் மணி கேட்குமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்காது. என் மிஷினுக்கு எதிர் மிஷினில் பீட்டர் நிற்பான். அவன் நிமிர்ந்து மேலே பார்த்தால் நான் ஒதுங்குவேன். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினேன். அவனுக்கே தெரியாது. டிசம்பரில் ஒரு நாள் அவன் தங்கச்சி நிச்சயதார்த்தம், லீவு போட்டுவிட்டான். அன்றைக்கு கிரேன் கொக்கி என் தோளிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனது. காற்று பட்டதால்தான் திரும்பினேன். தூரத்தில் நாலைந்து பேர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். "தூங்கிக்கினு இருக்கியா நீ?" என்று சூப்பர்வைசர் கத்தினார். ஆமாம் சார், தூக்கக் கலக்கம் என்றேன். வீட்டில் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

புத்தகத்தை நேற்றுப் படித்தேன். கோழி இல்லாத நாள் வருகிற பக்கத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து முடித்தேன்.

போன வாரம் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுத்தேன். உங்களைக் கூப்பிடவில்லை, பீட்டரைக் கூட்டிப் போனேன். பஸ்ஸிலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அடப்பாவி, நான் சும்மா கழுத்து வலிக்குதுன்னு நிமிந்திருந்தா இன்னா பண்ணிருப்ப?" என்றான். ரிப்போர்ட்டைக் கம்பெனியில் கொடுத்தாயிற்று. பிரஸ் லைன் இனி கிடையாது. வீரராகவன் சார் ஸ்டோரில் பெட்டி அடுக்கச் சொல்லியிருக்கிறார். என் பெயரை நான் எதிர்பார்த்த மாதிரி வெட்டிவிடவில்லை. ஆனால் ஓவர்டைம் கிடையாது, பழைய ஆட்களும் கிடையாது. காது மிஷினுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பாதி இறங்கியிருக்கிறது, மீதி இருக்கிறது. டி.சி. கேட்டதும் அப்படியே இருக்கிறது. பிரின்சி இன்னும் பேசவில்லை. முதலில் அவள் பேசட்டும், எனக்கு மற்றதெல்லாம் அப்புறம்தான்.

தாவீது

*

10.3.2025, திங்கள்

தாவீது அவர்களுக்கு,

மீதிக் கோபம் இருக்கட்டும். அது நியாயமானதுதான்.

டிசம்பரில் நடந்ததைப் படித்தேன். அந்த நாலு வரியை எழுதிக் கொடுக்கவில்லையே என்று ஒரு நிம்மதி. கடவுளே, கொடுத்திருந்தால் என்று ஒரு பயம்.

வகுப்பில் இப்போது வேறு ஏற்பாடு. பிள்ளைகள் சொல்வதை எழுதுவேன். எழுதியதை அந்தப் பிள்ளைக்கே வாசித்துக் காட்டி, "ஒட்டட்டுமா, உன் பெட்டியில் வைக்கட்டுமா?" என்று கேட்பேன். ஆளுக்கு ஒரு தீப்பெட்டிக் கட்டு அட்டைப் பெட்டி கொடுத்திருக்கிறேன். வீட்டு விஷயமாக இருந்தால் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். முதல் வாரம் ஒட்டச் சொன்னது தீனா மட்டும்தான். போன வாரம் ஒன்பது பேர். நடுநடுவே சண்டையும் வருகிறது, நல்ல அறிகுறி.

பிரின்சி மட்டும் ஸ்கேலை வாங்குகிறாள், மடியில் வைத்துக்கொள்கிறாள், ஐந்து நிமிடம் பார்க்கிறாள், பக்கத்தில் கொடுக்கிறாள். அந்த ஐந்து நிமிடமும் வகுப்பு காத்திருக்கிறது. தீனா உட்பட.

நான் சொல்லி அவள் பேசப்போவதில்லை. அவள் காத்திருப்பது என் வார்த்தைக்காக இல்லை.

ஹேமாவதி

*

27.3.2025, வியாழன்

டீச்சருக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய வரியைப் பதினைந்து நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மீன் குழம்பு. பிரின்சி எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவாள், எனக்கு எதிரில். அன்றைக்கு நான் சாப்பிடாமல் அவளையே பார்த்தேன். ஒரு வாய் எடுப்பாள், நிமிருவாள். தெருவில் பைக் போகிறது, நிமிருவாள். குக்கர் விசில், நிமிருவாள். நிமிர்ந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், எனக்குத் தெரிந்ததா என்று. பூமிகா வாசலில் வந்து விளையாடக் கூப்பிட்டாள். போகவில்லை. ஏஞ்சலினைக் கேட்டேன். "ரெண்டு வருசமா நீ ஊட்ல இருந்தா அவ வெளில போறதில்ல. உனக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்றாள். ஏண்டி சொல்லல என்று கத்தினேன். சொன்னாளாம். நான் பின்னால் திரும்பி நின்றிருந்தேனாம்.

அதனால் நானும் அந்தக் கதைக்கு என் கருத்தை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகள் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் திருத்தாதீர்கள்.

"எனக்கு இன்னா தோணுச்சுன்னா, இந்தக் கதைல எல்லாரும் நாயப் பத்தியே பேசறாங்க. நாய் பாவம்தான். வேல பூடும்னு பயந்துச்சு. ஆனா அந்தக் கோழி? மத்த கோழிங்கலாம் குனிஞ்சு குனிஞ்சு மேயும். இது மட்டும் தலையத் தூக்கிக்கினே நின்னிருக்கும். எப்ப தின்னுச்சு? எப்ப வெளயாடுச்சு? அத்த நாய் ஒரு நாள் கூடக் கேக்கல. அந்த நாய் நான்தான். கோழி மானத்த வாங்கல. உசுரக் காப்பாத்துச்சு. தப்பாக் கேட்டுட்டேன். - தாவீது, பிரின்சியோட நைனா."

இதை நாளைக்கு வகுப்பில் வாசியுங்கள். முடிந்தால் அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வாயைத் திறந்து சொல்ல எனக்கு வரவில்லை. நாலு முறை போனேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

என்னுடையதை ஒட்டலாம். பெயர் போட்டே ஒட்டலாம். கேட் கம்பிக்கு வெளியே தெரிகிற எழுத்தில்.

தாவீது

*

28.3.2025, வெள்ளி

தாவீது அவர்களுக்கு,

ஏஞ்சலின் பாத்திரம் கழுவி முடித்தும் வீட்டுக்குப் போகாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி பீரியட் வரைக்கும். அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரின்சியிடம் தாளைக் கொடுத்து, "இது ஒருத்தர் எழுதியது. நீ வாசிக்கிறாயா, நான் வாசிக்கட்டுமா?" என்றேன். வாங்கிக்கொண்டாள். உங்கள் எழுத்தை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மனதுக்குள் ஒரு முறை படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். ஏழு வாரத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டோம். "தப்பாக் கேட்டுட்டேன்" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினாள், ஆனால் முடித்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. தீனா மட்டும், "பெரியவங்களும் ஸ்கேல் வாங்கலாமா டீச்சர்?" என்று கேட்டான்.

பிறகு அவளே கையை நீட்டி ஸ்கேலைக் கேட்டு வாங்கினாள். அவள் சொன்னது, சொன்னபடி:

"கோழிக்கு அது ஒண்ணும் கஸ்டம் இல்ல. அதுக்கு நாய்னா உசுரு. ஆனா கழுத்து வலிக்கும். சாயங்காலத்துல மட்டும் கொஞ்ச நேரம் வெளயாட வுட்டா போதும். அது வரிக்கும் நாய் எங்கயும் போவாம ஊட்லயே இருக்கணும்."

"ஒட்டட்டுமா, பெட்டியில் வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "நைனாவக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். எப்படி, கோழி என்றே பெயர் போடட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டேன். அதையும் உங்களிடமே கேட்கச் சொன்னாள்.

பதில் அனுப்புங்கள். டி.சி. விஷயத்துக்கும் சேர்த்து.

ஹேமாவதி

*

1.4.2025, செவ்வாய்

டீச்சருக்கு,

டி.சி. வேண்டாம்.

கேட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் எதிரில் வந்து நின்று, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாய் தெரிகிற மாதிரி கேட்டாள். அதற்கு அப்புறம் இரவு வரைக்கும் வாயை மூடவில்லை. ஏழு வாரத்துக் கதையையும் ஒரே நாளில் சொல்லித் தீர்த்தாள். பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மீதிக்கும் தலையாட்டினேன். கண்டுபிடித்துத் திட்டினாள்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணி. நான் வாசல் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் பூமிகாவோடு தெருக்கோடியில் பாண்டி ஆடுகிறாள். நடுவில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் இருக்கிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். பத்து நிமிஷமாகத் திரும்பவில்லை.

அவள் சொன்னதையும் ஒட்டுங்கள், என்னுடையதற்குப் பக்கத்திலேயே. கோழி என்று போடாதீர்கள் டீச்சர். பிரின்சி என்றே போடுங்கள்.

தாவீது